எனக்குக் கேட்காத ஊசிச் சத்தம்

சர்வீஸ் ரிப்போர்ட்டில் "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கள் தொழிலில் ஒரு தனிச் சுகம். கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அர்த்தம். ஸ்பேர் பார்ட் தேட வேண்டாம், ஹெட் ஆஃபீசுக்கு மெயில் போட வேண்டாம், வந்த சர்வீஸ் கால் அங்கேயே க்ளோஸ். திருவனந்தபுரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவன் நான். எத்தனை முறை அப்படி எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒன்று தப்பு. அந்தத் தப்பால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. வாசலிலேயே தெரிந்துவிட்டது

முதலில் என் பெருமையைச் சொல்லிக்கொள்கிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். என் காதுக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. ஃபேன் கரகரவென்றால் பேரிங் காய்ந்துவிட்டது. டிக் டிக் என்றால் ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது. மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கினால், சூட்டை வெளியேற்றுகிற ஹீட் சிங்கில் தூசி அடைத்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். கூட வேலை பார்க்கிறவர்கள் கஸ்டமர் இடத்திலிருந்து போன் செய்து, போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் பிடித்து, லிங்கம் சார் கேட்டுச் சொல்லட்டும் என்பார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஸ்ரீவராகம் பகுதியில் கோமதி மேடத்தின் ஆஃபீஸிலிருந்து கால் வந்தபோது நான் ரிட்டயர் ஆகி, அதே கம்பெனியில் வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்று திரும்பி வந்திருந்தேன். மேடம் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கிரகாரத்து வீட்டின் முன்னறையையே ஆஃபீஸாக்கி, பழைய ஆதாரங்களை டைப் செய்து கொடுக்கிறார். ஆதாரம் என்றால் இங்கே நிலப் பத்திரம். தெற்கே பாறசாலைப் பக்கத்துப் பழைய பத்திரங்கள் பல தமிழில், கோழி கிளறியது போன்ற கையெழுத்தில் இருக்கும். வக்கீல்கள் அவற்றை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். இவர்கள் படித்துப் புரிந்துகொண்டு மலையாளத்தில் டைப் செய்து கொடுக்க வேண்டும். சர்வே நம்பரில் ஓர் எண் மாறினால் ஒருவருடைய தென்னந்தோப்பு பக்கத்து வீட்டுக்காரருடையது ஆகிவிடும். அதனால் பிழை விஷயத்தில் மேடம் படு கண்டிப்பு.

அங்கே இரண்டு டைப்பிஸ்ட்டுகள் ரொம்ப நாளாக இருக்கிறார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மூன்றாவதாக ஜெனிஷா என்ற பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது. பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள், மலையாளமும் எழுதுவாள். இந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண் கிடைப்பது அரிது என்று மேடமே சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் புரொபேஷன், பிறகு நிரந்தரம் என்று ஏற்பாடு.

அவளுக்காக வாங்கியதுதான் அந்தச் சின்னப் பெட்டி. முன்னறை குறுகல், மேஜையும் குறுகல். பழைய மாதிரி டவர் வைத்தால் நாற்காலியை நகர்த்த முடியாது. அதனால் டிபன் பாக்ஸைப் படுக்கப் போட்ட அளவில் ஒரு காம்பாக்ட் டெஸ்க்டாப்பை வாங்கி, மானிட்டர் பக்கத்தில், உட்காருகிறவர் காதுக்கு ஒரு முழத்துக்குள் வைத்திருந்தார்கள். மேடத்துக்கு அதன் அழகில் அவ்வளவு பெருமை.

நான் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் கேட்டது. "பேரிங் போச்சு மேடம், தூசியும் இருக்கு," என்று வாசலிலேயே சொன்னேன். மேடம் அந்த இரண்டு டைப்பிஸ்ட்டுகளையும் பார்த்து, "பாத்தேளா, தொடாமயே சொல்லிட்டார்," என்றார். எனக்கு அன்றைக்குக் காப்பி வேறு கிடைத்தது.

சின்னப் பெட்டிக்குச் சின்ன ஃபேன்தான் வைக்க முடியும். சின்ன ஃபேன் போதுமான காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வேகமாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் சத்தம். அதில் தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். திறந்து பார்த்தால் ஹீட் சிங்கில் வெறும் தூசி இல்லை, பிசுபிசுவென்று கறுப்பாக ஒரு படலம். பக்கத்து அறை பூஜை அறை. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி. புகையை ஃபேன் இழுத்து உள்ளே பூசி வைத்திருக்கிறது. சாம்பிராணியைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அங்கேயே விட்டேன்.

பிரஷ், ப்ளோயர், ஸ்பிரிட் எல்லாம் போட்டுச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றி, புது ஃபேன் போட்டேன். பெட்டி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவ்வளவு அமைதி. கையெழுத்து வாங்கும்போது ஜெனிஷா மெதுவாகச் சொன்னாள்.

"சார், ஃபேன் சத்தம் போச்சு. ஆனா இப்ப வேற ஒண்ணு கேக்குது. ஊசி மாதிரி."

அறை திடீரென்று நிசப்தமானால் அப்படித்தான் தோன்றும், இரண்டு நாளில் பழகிவிடும் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

2. தம்பானூர் மேஜை

இரண்டு நாளில் பழகவில்லை. பத்து நாள் கழித்து மறுபடியும் கால். இந்த முறை மேடத்தின் குரலில் சலிப்பு. ஃபேன் மாற்றிய பிறகு அந்தப் பெண்ணுக்குத் தொல்லை கூடிவிட்டதாம். தலை வலிக்கிறது என்கிறாளாம். வேலை மெதுவாகிவிட்டது, இரண்டு பத்திரத்தில் எண் பிழை வேறு.

"நானும் காதை வெச்சுப் பாத்துட்டேன், லிங்கம். அவா ரெண்டு பேரும் பாத்துட்டா. அவளுக்கு மட்டும் கேக்கறதாம்," என்றார் மேடம்.

நானும் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஃபேன் காற்று மட்டும், அதுவும் தூரத்தில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல. ஜெனிஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது கேட்கிறது, எப்படிக் கேட்கிறது என்று நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப் தம்பானூரில், ஒரு லாட்ஜ் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்ட். ஆட்டோ ஹாரன், ரயில்வே அறிவிப்பு, கண்டக்டர் விசில், மேலே சீலிங் ஃபேன். அந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெட்டியில் ஊசிச் சத்தம் தேடினேன் என்று இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. ப்ராசஸரை ஓயாமல் வேலை வாங்குகிற ஸ்ட்ரெஸ் டெஸ்டை முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். டெம்பரேச்சர் ஒழுங்கு, ஃபேன் ஒழுங்கு, காதுக்கும் ஒன்றும் கிட்டவில்லை.

ரிப்போர்ட் எழுதினேன். "நோ ஃபால்ட் ஃபவுண்ட்." அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை விடவில்லை. "நோ அப்நார்மல் சவுண்ட்" என்றும் சேர்த்து, அடியில் கோடும் போட்டு, பெட்டியோடு மேடத்திடம் திருப்பிக் கொடுத்தேன்.

3. ஸ்டேப்ளர் அடித்த காகிதம்

அடுத்த வாரம் புதன்கிழமை, நாலரை மணி இருக்கும், ஜெனிஷா எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் படியேறி வந்தாள். ரயில்வே ஸ்டேஷன் எதிரேதான். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கையில் ஒரு கவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கவரிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

மேடம் கைப்பட எழுதிய கடிதம். வேலையில் கவனம் போதவில்லை, பிழைகளுக்குக் கம்ப்யூட்டரைக் காரணம் சொல்வது சரியில்லை, சனிக்கிழமையோடு புரொபேஷன் முடிகிறது, நீட்டிக்க முடியாத நிலை, சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குள் சொல்லலாம் என்று நான்கு வரி. அதன் பின்னால் ஸ்டேப்ளர் அடித்து என் ரிப்போர்ட். அடியில் கோடு போட்ட வரி பளிச்சென்று தெரிந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் காகிதத்தை எதற்கு இதில் இழுக்கிறார்கள்? நான் பெட்டியைப் பற்றி எழுதினேன், அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லையே என்று நினைத்தேன். பிறகு அதை மறுபடி வாசித்துப் பார்த்தேன். சத்தம் இல்லை என்று நான் எழுதினால் அவள் பொய் சொல்கிறாள் என்றுதானே வாசிக்கிறவர்களுக்குப் படும்? வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? மேடத்தைக் குற்றம் சொல்ல வழியில்லை.

ரிப்போர்ட்டை மாற்றித் தரச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, அது முடியாதம்மா என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மாத்தாண்டாம் சார். நீங்க ஒரு தடவ வாருங்க. நான் சுவரப் பாத்து இருக்கேன். நீங்க மவுச அசையுங்க. எப்ப அசைக்கீங்கன்னு நான் சொல்லுகேன். தப்பினா நானே வேலைய விட்டு நின்னுடுகேன்."

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். சத்தம் எப்போதும் ஒரே மாதிரி வருவதில்லையாம். பத்திரத்தை ஸ்க்ரோல் செய்தாலும் மவுசை அசைத்தாலும் கீச்சென்று ஏறும், கையை எடுத்தால் இறங்கும். நாளெல்லாம் பத்திரத்தை மேலும் கீழும் நகர்த்திப் படிப்பதுதான் அவள் வேலை. எண் வருகிற இடத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் நகர்த்தி, உற்றுப் பார்க்க வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் அது காதில் குத்துகிறது.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளை நம்பி நான் மறுநாள் போகவில்லை. இந்தப் பிரமையை மேடம் முன்னாலேயே தீர்த்து வைத்துவிட்டால், பிறகு நானே நாலு நல்ல வார்த்தை சொல்லி இன்னும் ஒரு மாதம் வாங்கிக் கொடுக்கலாம் என்ற பெரிய மனுஷத்தனத்தோடுதான் போனேன்.

4. மடித்த துண்டின் மேல் மவுஸ்

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. மேடம் முதலில் ஒப்பவில்லை. இது என்ன கண்கட்டு வித்தையா என்றார். அப்புறம், சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டார்.

நான் எல்லா ஓட்டையையும் அடைத்தேன். ஃபேனின் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடக் கூடாது என்று பெட்டியைத் திறந்து, சோதனை முடியும்வரை மட்டும் ஃபேன் ஒயரைக் கழற்றினேன். மவுசின் சக்கரம் கிர்ரென்னும், அதைத் தொடவில்லை. மேஜையில் உரசும் சத்தம் கேட்கக் கூடாது என்று மேடத்திடம் ஒரு துண்டு வாங்கி, நான்காக மடித்து, அதன் மேல் மவுசை வைத்தேன். சீலிங் ஃபேனை அணைத்தோம். டைப்பிஸ்ட்டுகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜெனிஷா நாற்காலியைத் திருப்பி, சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்து உட்கார்ந்தாள். கேட்கும்போது கையைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும். மேடம் கண்ணைக் காட்டினால் நான் அசைக்க வேண்டும்.

மேடம் கண்ணைக் காட்டினார். அசைத்தேன். கை தூக்கினாள். நிறுத்தினேன். இறக்கினாள்.

ஒன்று குருட்டாம்போக்கில் வரும். இரண்டும் வரும். ஐந்தாவதற்கு எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. மேடம் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். எட்டாவது முடிந்ததும் வேண்டுமென்றே ரொம்ப நேரம் சும்மா இருந்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. ஜெனிஷா கையைத் தூக்கவில்லை. மடியில் வைத்த கை அப்படியே இருந்தது. அவள் காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

அப்போது சட்டென்று கையைத் தூக்கினாள், உடனே இறக்கினாள்.

மேடம் கண்ணைக் காட்டவில்லை. பென்சிலை எடுத்து நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டார். "தப்பு," என்றார். ஜெனிஷா திரும்பவில்லை. தோள் மட்டும் தொய்ந்தது.

அவள் கை தூக்கிய அந்த நொடியில் என்ன நடந்தது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெகுநேரம் ஒரே நிலையில் பிடித்ததில் என் விரல் மரத்துப்போய் லேசாக நடுங்கியது. திரையில் அம்புக்குறி ஓர் அரிசி நீளம் நகர்ந்திருக்கும். மேடம் திரையைப் பார்க்கவில்லை, ஜெனிஷாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் அது தப்பாகவே இருந்துவிடும். என் ரிப்போர்ட்டும் நிற்கும், என் பெயரும் நிற்கும். இரண்டு மூச்சு நேரம் அப்படியும் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த இரண்டு மூச்சுக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

"இல்ல மேடம். நான் அசைச்சேன். கை தன்னால அசைஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி."

மேடம் என்னைப் பார்த்தார், மவுசைப் பார்த்தார். பிறகு நோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, குனிந்து, காதை அந்தப் பெட்டியோடு ஒட்டி வைத்தார். என்னை அசைக்கச் சொன்னார். அசைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினார். டைப்பிஸ்ட்டுகள் இருவரும் வந்து காதை வைத்தார்கள். அவர்களும் தலையை ஆட்டினார்கள். நானும் வைத்தேன். ஐம்பதைத் தாண்டிய நான்கு பேர் ஒரு டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டியைச் சுற்றிக் காதை வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் நின்றோம்.

"எனக்குக் கேக்கலை. அதனால இல்லைன்னு நெனச்சுட்டேன்," என்றார் மேடம். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஜெனிஷாவிடம் போய்க் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "சனிக்கிழமையோட நிக்க வேண்டாம். திங்கக்கிழமையிலேருந்து நிரந்தரம். போய் மொகத்தை அலம்பிண்டு வா," என்றார். அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் புது ரிப்போர்ட் எழுதினேன். "சத்தம் உள்ளது. மவுசை அசைக்கும்போது கூடுகிறது. உபயோகிப்பவருக்குக் கேட்கிறது. எனக்குக் கேட்கவில்லை. சோதித்து உறுதி செய்யப்பட்டது. முந்தைய ரிப்போர்ட் தவறு." மறுநாள் எங்கள் மேனேஜர் கூப்பிட்டுக் குதித்தார். எஞ்ஜினியர் தனக்குக் காது கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் கஸ்டமர் என்ன நினைப்பார்கள் என்றார். சரியாகத்தான் நினைப்பார்கள் என்றேன். முப்பது வருஷத்தில் ஒரு மேனேஜரை எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

5. காது எட்டாத இடம்

சோதனை நடந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது என் மனைவி ஆச்சரியப்படவே இல்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது நடந்ததை நினைவுபடுத்தினாள். "தெர்மாமீட்டர் பீப் பீப்னு அடிச்சு ஓஞ்சே போச்சு. நீங்க வாயில வச்சிட்டு பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. நான்தானே வந்து எடுத்தேன்?" நான் அது பேட்டரி போன தெர்மாமீட்டர் என்று புதிது வாங்கிப் போட்டிருந்தேன். அதுவும் என் காதுக்கு அடிக்கவில்லை. கடைக்காரனைத் திட்டினேன்.

பிறகு காது டாக்டரிடம் போனேன். கீழ்ச் சத்தம் எல்லாம் நன்றாகக் கேட்கிறது, உச்சச் சத்தம் போய்விட்டது, இந்த வயதுக்கு இது சகஜம் என்றார். அந்தக் காலத்துப் பேரிரைச்சல் லைன் பிரிண்டர் பக்கத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்ததும் சேர்ந்திருக்கலாம். வருத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாட்டு கேட்கிறது, கடல் கேட்கிறது, மனைவி திட்டுவது கேட்கிறது. ஃபேன் பேரிங் போனால் இப்போதும் வாசலிலேயே சொல்லிவிடுவேன். அதற்கு மேலே ஒரு மாடி இருக்கிறது, அங்கே எனக்கு அனுமதி இல்லை என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்காக விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இதைக் காயில் வைன், அதாவது கம்பிச் சுருளின் கீச்சல், என்பார்கள். போர்டில் சின்னச் சின்னக் காயில்கள் உண்டு. கரண்ட் ஒரே சீராகப் போனால் சும்மா இருக்கும். வேலை இல்லாதபோது ப்ராசஸர் கண்ணை மூடும், மவுஸ் அசைந்தால் விழிக்கும், மறுபடி மூடும். ஒரு நொடிக்குள் எத்தனையோ முறை. அந்த ஏற்ற இறக்கத்தில் காயில் அதிர்ந்து கீச்சிடும். ஸ்ட்ரெஸ் டெஸ்டில் ப்ராசஸர் கண்ணை மூடவே மூடாது, ஃபேனும் முழு வேகத்தில் ஓடும். அதாவது எந்தச் சத்தத்தைத் தேடினேனோ அதை நானே அமுக்கி வைத்துவிட்டுத் தேடியிருக்கிறேன். பழைய ஃபேன் கரகரத்தபோது அந்த இரைச்சல் இதை மூடியிருந்தது. நான் ஃபேனை மாற்றி, மூடியை எடுத்துவிட்டேன். ஃபேன் மாற்றிய பிறகு தொல்லை கூடிவிட்டது என்று அவள் சொன்னதில் ஒரு வார்த்தை மிகையில்லை.

இப்போதெல்லாம் சத்தம் என்று கால் வந்தால், அங்கேயே, அந்த மேஜையிலேயே, அவர்கள் செய்கிற வேலையையே செய்யச் சொல்லிப் பார்க்கிறேன். ஆஃபீஸில் வயதில் குறைந்தவர் யார் என்று கேட்டு அவரையும் கூப்பிடுகிறேன். ரிப்போர்ட்டில் "சத்தம் இல்லை" என்று எழுதுவதை விட்டுவிட்டேன். எனக்குக் கேட்டதையும் கேட்காததையும் மட்டும் எழுதுகிறேன்.

சோதனைக்கு அடுத்து வந்த சனிக்கிழமை காலை மறுபடி ஸ்ரீவராகத்துக்குப் போனேன். பெட்டியின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் ப்ராசஸர் கண்ணை மூடுகிற சி-ஸ்டேட் அமைப்பை நிறுத்தினேன். ஜெனிஷா உட்கார்ந்து பார்த்தாள். "குறஞ்சிருக்கு சார். ஆனா இருக்கு." எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன். அவள் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் காதை வைத்தாள், நான் மவுசை அசைத்தேன். பெட்டியில் இல்லை என்றாள். மேஜைக்கு அடியில் குனிந்து அடாப்டரைக் கையில் எடுத்தாள். "இது சார். இதுதான் இப்ப கத்துகது." நான் கொண்டுபோயிருந்த வேறு அடாப்டரை மாட்டினேன். எனக்கு இரண்டும் ஊமைதான்.

அவள் ஒரு பழைய ஆதாரத்தைத் திறந்தாள். மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள். ஓர் எண்ணில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். கண்ணை மூடினாள். மேடம் கையில் காப்பி டம்ளரோடு கதவருகே நின்றார். இத்தனை வருஷமும் நான்தான் காதை வைத்துக் கேட்டுவிட்டு, சரியாயிற்று என்று கஸ்டமருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றேன்.

"போச்சா?" என்றேன்.

"போச்சு சார்," என்றாள்.

முன்னால் எனக்கு என்ன கேட்டதோ அதேதான் இப்போதும் கேட்டது. ஃபேனின் லேசான காற்று, அவ்வளவுதான். பேனாவை எடுத்து எழுதினேன்: "சத்தம் நின்றது. உபயோகிப்பவர் சொல்கிறார்." எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.